இறக்கை இல்லாத இரவு

விடுமுறைக்கு ஏற்காட்டுக்கு வந்த அண்ணன் மகன் ஒரு கதை எழுதி வாசித்துக் காட்டினான். 1805, ஆடிப்பெருக்கு நாள். சங்ககிரிக் கோட்டையில் தீரன் சின்னமலைக்குத் தூக்குக் கயிறு தயாராக இருக்கிறது. தாரமங்கலம் கோயில் தூணில், வாய்க்குள் கல்லுருண்டை உருளும் யாளிக்கு அப்போது உயிர் வருகிறது, இறக்கை முளைக்கிறது. நெருப்பைக் கக்கிக் கும்பினிப் பட்டாளத்தைத் துரத்திவிட்டு, சின்னமலையை முதுகில் ஏற்றிக்கொண்டு சேர்வராயன் மலைக்குப் பறந்து வருகிறது.

"அதுக்கப்புறம் வெள்ளைக்காரனே இல்ல, அத்தை!"

வெள்ளைக்காரன் இல்லையென்றால் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பிச் செடியும் இங்கே இல்லை. காப்பி பறிக்க என் தாத்தா மலையேறியிருக்க மாட்டார். நானோ இவனோ இருந்திருக்க மாட்டோம். அதை அவனிடம் சொல்லவில்லை. என் மனம் வேறிடத்தில் நின்றது.

நெருப்புக் கக்கும் ஒன்று அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்தது: மைசூர்ப் படையின் வாணம். மருந்து கெட்டித்த இரும்புக் குழாய், அதோடு கட்டிய நீள மூங்கில். 1780-இல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், புள்ளலூரில், கும்பினியின் கர்னல் பெய்லி நடத்திய படை அதற்கு முன்னால் நிலைகுலைந்தது. இதே இங்கிலாந்தோடு போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் 1782-இல் தங்கள் கப்பல் ஒன்றுக்கு மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் பெயரையே வைத்திருந்தார்கள். சேலம் சீமையும் அப்போது ஹைதரின் ஆட்சியில்தான். அந்த இரும்பை அடித்தவர்கள், மூங்கிலை வெட்டியவர்கள், தோளில் சுமந்து நடந்தவர்கள் பெயர் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. சின்னமலையும் திப்புவுக்காகப் போரிட்டவர். பிறகு காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அரச்சலூரிலும் கும்பினியை எதிர்த்து நின்றபோது அவருடன் இருந்தவர்கள் இப்படிப்பட்ட மனிதர்களே. யாளி வந்து இறங்கியதும் கதையில் அவர்களுக்கு இடமில்லாமல் போகிறது.

எனக்கும் ஒரு யாளி உண்டு. ஆறு வருடமாக வளர்க்கிறேன். அம்மாவுக்கு மூச்சு முட்டிய இரவில், சேலத்துக்கு இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளும் பனியில் மூடிக் கிடந்தன. வண்டி மட்டும் பறந்திருந்தால் என்று நினைக்காமல் நான் தூங்கிய நாள் குறைவு. என் கற்பனையில் அம்மா ஒவ்வொரு முறையும் பிழைத்துக்கொள்கிறாள்.

கதையைக் கேட்டு முடித்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கற்பனையில் ஜீப் டிரைவர் தம்பியை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காப்பி மூட்டை ஏற்றுகிற ஜீப். கண்ணாடியில் எதுவும் தெரியாமல் கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடியே ஓட்டினான். ஒவ்வொரு வளைவிலும், "அக்கா, அம்மாவக் கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றான். அதனால்தான் அம்மாவின் தலை கடைசி வரை என் மடியில் இருந்தது.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தவன், என் குரல் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.