நாட்டுப்பற்று எங்கே பாவமாகிறது?

பிறந்த மண்ணை நேசிப்பது மனித இயல்பு. மக்காவைப் பிரிய நேர்ந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்களும் வருந்தினார்கள். அப்படியாயின் நாட்டுப்பற்று எந்த இடத்தில் பாவமாகிறது?

பல மதத்தாரும் மொழியாரும் கலந்து வாழ்ந்த உதுமானியப் பேரரசு சரிந்தது. அதன் மண்ணில், ஒரே இனத்துக்கு ஒரே நாடு என்னும் புதுக்கொள்கை வேரூன்றியது. 1923 ஜனவரி 30-ல் லோசான் நகரில் கிரீஸும் துருக்கியும் ஓர் உடன்படிக்கை செய்தன. துருக்கியின் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், கிரீஸின் முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாகப் போகவேண்டும்! இஸ்தான்புல், மேற்குத் திரேஸ் மக்களுக்கு மட்டும் விலக்கு. ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்களும் 4 லட்சம் முஸ்லிம்களும் ஊரை இழந்தனர். போரின்போதே ஓடிப்போனவர்கள் திரும்பிவரவும் வழி அடைபட்டது.

கிரீட் தீவு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பேசியது கிரேக்க மொழி. அனதோலியாவின் கரமன்லிக் கிறிஸ்தவர்கள் பேசியதோ துருக்கி மொழி. 'தாயகம்' என்று கொண்டுபோய் விடப்பட்ட இடத்தில் இருசாராரும் பேச்சுப் புரியாமல் நின்றனர்.

“முஸ்லிம்கள் முஸ்லிம் நாட்டுக்குத்தானே வந்தார்கள்?” என்று நாம் ஆறுதல் கொள்ளலாமா? அவர்களில் பலர் குடியேறிய வீடுகள், துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுடையவை அல்லவா?

தன் சமூகத்தை நேசிப்பது குற்றமன்று. அது இழைக்கும் அநீதிக்குத் துணைபோவதே இனவெறி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். நம் நேசத்தையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்ப்போமாக!