ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

தெல்தோட்டையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்துக்குப் போகிற வழி பெரும்பாலும் படிக்கட்டுதான். கக்கூசு வெளியில் இருந்தால் அதற்கும் நாலு படி இறங்க வேண்டும். பக்கத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அன்று தொட்டு இந்தச் சரிவுகளில் எழுந்தவையெல்லாம் ஏறி இறங்கும் கால்களை நம்பி எழுந்தவை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு காலையில் அந்தக் கால்கள் வராமல் போனால் அந்த வீடு என்ன செய்யும்?

அப்படித் திடீரென்று கிடத்திவிடும் நோய்களில் ஒன்று கில்லன்-பாரே. வயிற்றோட்டமோ தடிமன் காய்ச்சலோ வந்து போயிருக்கும். ஓரிரு வாரம் கழித்துப் பாதம் மதமதக்கும், பிறகு படி ஏற முடியாது, சில நாளில் கையும் சோரும். கிருமியை எதிர்க்க உடம்பு கிளப்பிய சக்தி வழிதவறிச் சொந்த நரம்பையே தாக்குவதால் வருவது இது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வரும். எண்ணெய் தேய்த்தும் கழிப்புக் கழித்தும் நாளைக் கடத்துவதுதான் இதில் பெரிய ஆபத்து. நான்கில் ஒருவருக்கு மூச்சுத் தசையும் தளர்ந்து இயந்திரத்தின் உதவி தேவைப்படும். முதல் இரண்டு வாரத்துக்குள் கண்டிக்கோ பேராதனைக்கோ கொண்டுபோய்விட்டால் சிகிச்சைக்கு நல்ல பலன் உண்டு.

பிள்ளைக்குப் பதினைந்து வயது நிரம்பாவிட்டால், மலம் எடுத்துச் சோதிப்பார்கள், சுகாதார அதிகாரிகள் வந்து விசாரிப்பார்கள். பயப்பட வேண்டாம். இலங்கையில் கடைசி போலியோ நோயாளி 1993-இல் பதிவானார். இதேபோலக் கால்களை முடக்கும் அந்த நோய் மீண்டும் தலையெடுக்கவில்லை என்று உறுதி செய்யத்தான் அந்தச் சோதனை.

பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் ஐவரில் நால்வர் அளவில் தாமாக நடக்கிறார்கள். நரம்பின் உறை மட்டும் கெட்டிருந்தால் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். ஆனால் உள் இழையே அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம் வரை நானூறு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டாலே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

வீட்டின் கணக்கோ வேறு. அம்மா கொழுந்துக்குப் போகாத நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளமும் கிடையாது. அப்பா கிளினிக்குக்குத் த்ரீவீல் பிடித்துப் போய் வந்தால் அவர் பேரும் இல்லை. நரம்பு மில்லிமீட்டரில் நடக்கிறது, அடுப்பு நாட்சம்பளத்தில் எரிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் "எம்புள்ள எப்ப எந்திரிச்சு நடக்கும் டொக்டர்?" என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. கேட்பதில் தவறே இல்லை. பிள்ளையின் தலைமாட்டில் நின்று தினமும் கேட்பதுதான் தவறு. தன் கால்தான் வீட்டின் கடன் என்று அது எண்ணத் தொடங்கிவிடும்.

இயன்முறைச் சிகிச்சையாளர் சொல்லிக் கொடுத்தபடி மூட்டுகளை மடக்கி நீட்ட வேண்டும், பாதம் தொங்காமல் தாங்கு கொடுக்க வேண்டும், படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அளவுக்கு மீறிப் பயிற்சி கொடுத்தாலும் சோர்வு கூடிக் கெடும். இவற்றைப் பாட்டியும் கற்றுக்கொள்வார், தம்பியும் கற்றுக்கொள்வான். கடினமானது வேறு ஒன்று. வயதுக்கு வந்த பெண்பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. மீசை அரும்பும் பையனைக் கக்கூசுக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கிறது. ஒரே காம்பராவில் ஏழு பேர் இருக்கும் வீட்டில் அந்தக் கூச்சத்துக்கு இடம் எங்கே? ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டினால் இடம் உண்டாகும். "தூக்கவா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டால் இன்னும் கொஞ்சம் உண்டாகும். இஸ்தோப்பில் உட்கார்ந்து பிள்ளையின் காதுபட அதன் விதியைப் பேசுகிற உறவினர்களை அப்பா எழுந்து நிறுத்த வேண்டும். மருந்தைவிட இது சின்ன வேலை இல்லை.

தமிழ்நாட்டின் ஆய்க்குடி ராமகிருஷ்ணனை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொறியியல் மாணவராக இருந்த அவர் 1975-இல் பெங்களூரில் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அந்த உடம்பு திரும்பவே இல்லை. ஊருக்கு வந்து, உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல், தனக்கு வைத்தியம் பார்த்த அமர்ஜித் சிங் சஹல் பெயரில் ஊனமுற்றோருக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் "அவரைப் பார், நீயும் அப்படி வா" என்று படுத்திருக்கும் பிள்ளையிடம் சொல்வது கொடுமை. அவர் கதை பிள்ளைக்கு அல்ல, பெற்றவர்களுக்கு. நடப்பது ஒன்றுதான் மீள்வது என்றால், ராமகிருஷ்ணன் மீளவே இல்லை என்றாகிவிடும்.

ஆகவே, கால் வரும்வரை மற்றதெல்லாம் நிற்க வேண்டியதில்லை. எந்தச் சட்டை, எந்தப் பாட்டு, யார் பார்க்க வரலாம் என்பதையெல்லாம் பிள்ளையே சொல்லட்டும். சாதாரண தரப் பரீட்சைக்கான புத்தகம் கட்டிலுக்கு வரட்டும். வகுப்பு மாடியில் இருந்தால் கீழே மாற்றித் தரும்படி அதிபரைக் கேளுங்கள். ஊனத்தைக் காட்டிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

முதல் வாரத்தில் ஹோர்லிக்ஸ் போத்தலோடு லயமே வரும். நான்காம் மாதத்தில் யாரும் வருவதில்லை. தெல்தோட்டையிலோ கலஹாவிலோ அப்படி ஒரு வீட்டை நீங்கள் அறிந்திருந்தால், அந்த நான்காம் மாதத்தில் போங்கள். காலைப் பற்றிக் கேட்காமல், அம்மா மலைக்குப் போய்ப் பேர் போட்டுவிட்டு வரும் வரை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.