வேலை தேடும் வாலிபரும் தற்புகழ்ச்சியும்



தன்னைத் தானே மெச்சிக்கொள்வது தகாது என்று நம் வீடுகளிலே பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அதே பிள்ளை பட்டம் பெற்று வந்ததும், "லிங்க்ட்இன்னில் உன்னைப்பற்றி நாலு வார்த்தை எழுதிப் போடு, இல்லாவிட்டால் உன்னை யார் கண்டுகொள்வார்கள்?" என்கிறோம். இவ்விரண்டில் எது சரி? பங்கிலுள்ள வாலிபர் சிலர் இதை உண்மையான மனக்கலக்கத்தோடு என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் பெற்றோர் காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, பதிவு மூப்பின்படி அழைப்பு வருமென்று வருஷக்கணக்காய்க் காத்திருந்தார்கள். அங்கே தற்புகழ்ச்சிக்கு வேலையில்லை. 2003-ம் ஆண்டு தொடங்கிய லிங்க்ட்இன் போன்ற தளங்களிலோ வரிசை என்பதே கிடையாது. ஆள் எடுப்பவர் சில சொற்களைத் தட்டித் தேடுகிறார். அச்சொற்கள் எவனுடைய பக்கத்தில் இருக்கின்றனவோ அவனே அவர் கண்ணில் படுகிறான். ஆகவே தெரிந்த தொழிலைத் தெரியும் என்று எழுதுவது ஆணவமல்ல. காலையில் தெருமுனையில் கரணையைக் கையில் பிடித்து நிற்கிற கொத்தனாரை யாரும் பெருமைக்காரன் என்பதில்லையே!

அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் 13-ம் நூற்றாண்டில் எழுதிய "சும்மா தெயொலோஜிக்கா" என்னும் நூலிலே (பெயரைக் கண்டு சிரிக்க வேண்டாம், இலத்தீனில் "சும்மா" என்றால் தொகுப்பு) உண்மை என்னும் புண்ணியத்துக்கு விரோதமான இரண்டு குற்றங்களைக் காட்டுகிறார். உள்ளதற்கு மேலாகத் தன்னைச் சொல்வது ஒன்று. உள்ளதையே இல்லையென்று தாழ்த்திச் சொல்வது மற்றொன்று. இந்த இரண்டாவதை நாம் தாழ்ச்சி என்றே எண்ணிவிடுகிறோம். மூன்று வருஷமாய்ச் சங்கக் கணக்கைக் கணினியில் பிசகின்றி எழுதிவரும் பெண், "எனக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது, சாமி" என்கிறாள். தெரியும், மகளே! அதைத் தாராளமாய் எழுது.

முதற்குற்றத்தைப் பற்றி அவருக்கு முன்பே அரிஸ்டாட்டில் கூர்மையாகச் சொல்லியிருக்கிறார். பேருக்காகப் பீற்றுகிறவனைவிடப் பணத்துக்காகப் பீற்றுகிறவன் இழிந்தவனாம். அப்படிப்பட்டவன் தனக்கு வைத்தியம் தெரியும், குறி சொல்லத் தெரியும் என்றுதான் சொல்லிக்கொள்வான். ஏனெனில் அவை தெரியாது என்பது எளிதில் வெளிப்படாது. இன்றைய பக்கங்களைப் பாருங்கள். தட்டச்சு வேகத்தைக் கூட்டி எழுதுகிறவன் அரிது. அதைப் பத்து நிமிஷத்தில் சோதித்துவிடலாம். "தலைமைப் பண்பு", "தொலைநோக்கு" இவைகளோ ஏராளம்!

"எல்லாரும் கூட்டித்தான் எழுதுகிறார்கள், நான் மட்டும் உள்ளதை எழுதினால் பின்தங்குவேனே" என்பது அற்பமான ஆட்சேபணையல்ல. உண்மையை எழுதினால் வேலை நிச்சயம் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சில இடங்கள் கை தவறிப் போகும். வீட்டில் கல்விக் கடனுக்குத் தவணை கட்டவேண்டிய பிள்ளைக்கு அது எவ்வளவு பாரமென்று அறிவேன். ஆனால் பொய்யினால் கிடைத்த இடம் வெற்றிடத்திலிருந்து வந்ததா? அதே வேலைக்கு உள்ளதை மட்டும் எழுதிக் கேட்ட ஒருவனுடைய இடம் அது. அவனுடைய பெயரும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. பிற்பாடு மனம் வருந்தினாலும் யாரிடம் போய் எதைத் திருப்பிக் கொடுப்பீர்கள்? எட்டாம் கற்பனையை மீறப்போய் ஏழாம் கற்பனையிலும் கால் வைத்ததாகிறது.

சில சமயம் அவன் முகமறியாதவனும் அல்ல. கல்லூரியின் கடைசி வருஷத்தில் நால்வர் சேர்ந்து செய்த செய்முறைத் திட்டத்தை ஒருவன், "நான் உருவாக்கினேன்" என்று படத்தோடு போடுகிறான். அதிலே பாதி இராத்திரி விழித்த மற்ற மூவரும் அதே வேலைகளுக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். "நால்வராய்ச் செய்தோம்; இன்ன பகுதி என்னுடையது" என்று எழுத இரண்டு வரி போதும். தன் பகுதியைத் திட்டமாய்ச் சொல்லத் தெரிந்தவன், நேர்முகத் தேர்வில் அதைப்பற்றிக் கேட்டால் திணறவும் மாட்டான்.

இந்த வாரம் உங்கள் பக்கத்தைத் திறந்து, "நான்" என்று எழுதிய இடங்களை ஒருமுறை வாசியுங்கள். இனிப் புதிதாய் எதையும் போடுமுன், அந்த வேலையில் உங்களோடு இருந்த ஒருவனுக்கு அதை முதலில் அனுப்பிக் காட்டுங்கள்.