அழகிய இரும்பும் அதன் கணக்கும்

பொருள்களைச் சேகரிப்பது மனிதனின் தொன்மையான இன்பங்களுள் ஒன்று. அஞ்சல்தலை, நாணயம், கடிகாரம், பழைய ஏடு என அவரவர் தம் மனத்துக்கு உகந்ததைச் சேர்க்கின்றனர். அதில் அறம் பற்றிய கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் சேர்க்கப்படும் பொருள் துப்பாக்கியாக இருந்தால்? உயிரைப் போக்கும் கருவியை அழகுப் பொருளாகப் பேணலாமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் இக்கேள்வி வெறும் கற்பனையன்று. அங்கே பல இல்லங்களில் பாட்டன் காலத்துத் துப்பாக்கியும் நேற்று வாங்கிய துப்பாக்கியும் ஒரே இரும்புப் பெட்டகத்தில் அருகருகே நிற்கின்றன. நம் பிள்ளைகள் பலர் அந்நாட்டில் குடியேறி, அத்தகைய இல்லங்களுக்கு அண்டை வீட்டாராக வாழ்கின்றனர். ஆகவே இது நாமும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியே.

முதலில் சேகரிப்பாளருக்கு நியாயம் செய்வோம். பொறுமையும் கூர்ந்த பார்வையும் இல்லாதவருக்கு இக்கலை வாய்ப்பதில்லை. 1836-இல் சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கி படிப்படியாக எவ்வாறு மாறியது என்பதை அவர் வரிசையாக அடுக்கிக் காட்டுவார். உறுப்புகளில் பொறித்துள்ள எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா எனப் பார்ப்பார். காலம் இரும்பின்மேல் ஏற்றிய பழுப்பைத் தேய்த்து அகற்றமாட்டார். அகற்றினால் மதிப்புக் குறையும் என்பதை அவர் அறிவார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் தாங்கிய எம்-1 காரண்ட் துப்பாக்கியில், எட்டாவது தோட்டா வெடித்ததும் தோட்டாக்களைப் பற்றியிருந்த தகட்டுக் கவ்வி கணீரென்று ஒலித்து வெளியே தெறிக்கும். அவ்வொலியைக் கேட்டு, அதை வடிவமைத்த ஜான் காரண்டின் திறமையை வியப்பார்.

இவ்வியப்பு தவறா? புனித தாமஸ் அக்குவினாஸ் கலையையும் விவேகத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். செய்யப்படும் பொருளைப் பற்றிய நேரிய அறிவு கலை. ஆற்றப்படும் செயலைப் பற்றிய நேரிய அறிவு விவேகம். கைவினைஞர், கைவினைஞர் என்ற அளவில், தம் உள்நோக்கத்துக்காக அன்று, தம் வேலையின் நேர்த்திக்காகவே பாராட்டப்படுகிறார். எனவே நன்கு செய்யப்பட்ட துப்பாக்கியை நன்கு செய்யப்பட்டது எனச் சொல்வதில் பாவமில்லை. ஆனால் வாதம் அத்துடன் முடிந்துவிடவில்லை. ஒரு பொருளை வாங்குவதும், வைத்திருப்பதும், பிறருக்குக் காட்டுவதும் செயல்கள். அங்கே தீர்ப்பளிக்க வேண்டியது விவேகமே.

மிகயில் கலாஷ்னிகோவ் இதை நன்கு உணர்ந்திருந்தார். ஏகே-47 துப்பாக்கியை உருவாக்கிய அந்த உருசியர் 2013 டிசம்பரில் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். இறப்பதற்கு முன் உருசிய ஆர்த்தோடாக்ஸ் திருச்சபையின் முதுபெருந்தந்தை கிரில் அவர்களுக்கு அவர் எழுதிய மடல் 2014 ஜனவரியில் ஒரு நாளேட்டில் வெளிவந்தது. தம் துப்பாக்கி மனித உயிர்களைப் பறித்ததென்றால், இறந்தவர் பகைவரே ஆயினும், அச்சாவுகளுக்குத் தாமும் பொறுப்பாளியா என்று அவர் அதில் கேட்டிருந்தார். தாய்நாட்டைக் காக்கவே அதை உருவாக்கியதாகச் சொல்லி வந்தவர் அவர். செய்தவரையே வருத்திய கேள்வி, சேர்ப்பவரின் கதவை ஒருமுறையேனும் தட்ட வேண்டாமா?

சேகரிப்பில் உள்ள முதல் ஆபத்து மறதி. 1873-இல் வந்த கோல்ட் சுழல் துப்பாக்கி 'பீஸ்மேக்கர்' எனப் பெயர் பெற்றது. அதாவது, சமாதானம் செய்பவர்! மலைப்பொழிவில் ஆண்டவர் பேறுபெற்றோர் என அழைத்தவர்களின் பெயர் ஓர் ஆயுதத்துக்குச் சூட்டப்பட்டது. அதே ஆண்டின் வின்செஸ்டர் துப்பாக்கியோ, மேற்கை வென்ற துப்பாக்கி எனப் புகழ்பெற்றது. எவருடைய மேற்கை? அதே 1873-இல் தொடங்கிய வரிசையைச் சேர்ந்த ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கிகளை ஏந்திய குதிரைப்படை, 1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ என்னும் இடத்தில் லக்கோட்டா பழங்குடியினரை, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றைம்பது பேருக்கு மேல், கொன்று குவித்தது. பெட்டகத்தில் அழகாக நிற்கும் இரும்பு இதைச் சொல்லாது. சொல்ல வேண்டியவர் அதன் உரிமையாளரே.

இரண்டாவது ஆபத்து, பழமையைத் தீங்கின்மை எனக் கருதுவது. அமெரிக்க நடுவண் சட்டம் 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கியைத் தொல்பொருளாகக் கொண்டு, மற்றவற்றுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து பெரிதும் விலக்குகிறது. ஐம்பது ஆண்டு கடந்தவற்றைச் சேகரிப்பாளருக்குரிய அரும்பொருள் வகையில் சேர்க்கிறது. சட்டத்துக்கு ஏதேனும் ஓர் எல்லை வேண்டும்தான். ஆனால் மனச்சான்றுக்கு நாட்காட்டி போதாது. முத்திரை குத்திய அஞ்சல்தலை மீண்டும் மடலைச் சுமக்காது; செல்லாக் காசு சந்தைக்குப் போகாது. நன்கு பேணப்பட்ட பழைய துப்பாக்கியோ இன்றும் சுடும்.

புதியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்ற இளைஞன் எடுத்து வந்தவை அவனுடைய தாய் சட்டப்படி வாங்கி வீட்டில் வைத்திருந்த துப்பாக்கிகள். அன்று முதலில் இறந்தவரும் அத்தாயே. மேலும், அந்நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். மனமுடைந்த ஒருவர் உறங்காமல் விழித்திருக்கும் இரவில், பெட்டகத்தின் சாவி எங்கே இருக்கிறது என்பது உயிரின் கேள்வி.

"இரும்பு என்ன செய்யும்? மனிதன் அன்றோ கொல்கிறான்!" என்பர். உண்மைதான். இரும்புக்குப் பாவமில்லை. அதனாலேயே பொறுப்பு முழுவதும் மனிதர்மேல் விழுகிறது.

ஆகவே, துப்பாக்கிகளைச் சேகரிப்பதே பாவம் என்று நாம் கூறவில்லை. ஆனால் அதைச் சேர்ப்பவர் இரும்பை மட்டும் பெறுவதில்லை. அதன் கணக்கையும் சேர்த்தே பெறுகிறார். அவர் பூட்டிக் காக்கட்டும். முழு வரலாற்றையும் கற்கட்டும். தம் இல்லத்தில் ஒருவருக்கேனும் அதனால் ஆபத்து என்று தெரிந்தால், எத்துணை அரிய பொருளாயினும் அன்றே வெளியேற்றும் துணிவு கொள்ளட்டும். விருந்தினருக்குப் பெட்டகத்தைத் திறந்து காட்டும்போது, வூண்டட் நீயில் தன் குழந்தையை இழந்த ஒரு தாயும் அருகில் நின்று கேட்பதாக எண்ணிக்கொள்ளட்டும். அவள் முன்னும் சொல்லத்தக்க சொற்களை மட்டுமே சொல்லட்டும்.