செய்யும் தொழிலும் மன நிறைவும்

'செய்யும் வேலையில் நிறைவில்லை, இதை விட்டுவிடலாமா?' என்ற கேள்வியுடன் ஆலோசகர்களை நாடுவோர் இன்று பலர். கேள்வி புதியதன்று. குருக்ஷேத்திரத்தில் வில்லை நழுவவிட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த அர்ஜுனனின் கேள்வியும் இதுவே. போர்த்தொழிலில் நிகரற்ற தேர்ச்சி பெற்றிருந்தும், அதைத் துறந்து பிச்சையேற்று வாழ்வதே மேல் என்று அவன் எண்ணினான். பகவான் அவனை முதலில் கடிந்துகொண்டார், அவன் எழவில்லை. அவன் சீடனாகச் சரணடைந்த பிறகு, அவனது மனத்தை அவனுக்கே பொறுமையுடன் விளக்கிக் காட்டினார். வெறுப்பின் வேர் எங்கே உள்ளது என்று அறியாமல் தொழிலைப் பற்றி முடிவெடுக்க இயலாது என்பதே இதிலுள்ள பாடம்.

வெறுப்புக்கு வேர்கள் மூன்று.

முதலாவது, அநீதி. கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் 'சாப்பா' என்ற முறை இருந்தது. துறைமுகத்தில் சுமை தூக்க வந்து கூடிய கூட்டத்தை நோக்கிக் கங்காணிகள் உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டி மோதி அதைக் கைப்பற்றியவனுக்கே அன்றைய வேலை; மற்றவர் வீட்டில் அடுப்பு எரியாது. இதை எதிர்த்துத் தொழிலாளர்கள் போராடினர். 1953 செப்டம்பர் 15 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் பலியாயின. இத்தகைய நிலையில் இருப்பவனிடம் 'கிடைத்ததில் திருப்தி கொள்' என்று கூறுவது ஆன்மிகமாகாது. அநீதியை எதிர்ப்பதும் தர்மமே.

இரண்டாவது, இயல்புக்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தமின்மை. மட்டாஞ்சேரியை அடுத்த ஃபோர்ட் கொச்சியில் ஒரு சலவைக்கூடம் உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கே உழைக்கின்றனர். 1976-இல் கட்டப்பட்ட அக்கூடத்தில் துணிகளைத் துவைத்து, கஞ்சியிட்டு, முறுக்கிய கயிறுகளின் இடையே செருகி வெயிலில் உலர்த்துகின்றனர். இளைய தலைமுறையினர் பலர் வேறு வேலைகளுக்குச் சென்றுவிட்டனர். இவர்கள் ஸ்வதர்மத்தைக் கைவிட்டவர்களா? அல்லர். கீதை பேசுவது குணத்தையும் கர்மத்தையும் பற்றியே. தந்தையின் தொழிலில் மகனைக் கட்டிப்போடுவதற்கு அதைச் சான்றாகக் காட்டுவது, கீதைக்கும் அம்மகனுக்கும் ஒருங்கே இழைக்கும் தீங்கு. அதே சமயம், பல வீடுகளின் துணிகளைப் பிரித்தறிந்து, மாசகற்றி, உரியவரிடம் பிழையின்றிச் சேர்க்கும் கைகளில் கர்மயோகம் மலர எந்தத் தடையும் இல்லை. செல்பவனுக்கு உரிமை உண்டு. நிலைப்பவனுக்குப் பெருமை உண்டு.

இயல்புக்கேற்ற தொழில் எவ்வாறு புலப்படும்? எதிர்க்கரையான எர்ணாகுளத்தில் 1916-இல் பிறந்த பாலகிருஷ்ண மேனன் பத்திரிகையாளராக இருந்தார். சாதுக்களின் போலித்தனத்தை அம்பலப்படுத்தி எழுதும் எண்ணத்துடன் ரிஷிகேசம் சென்றார். 1949-இல் சுவாமி சிவானந்தரிடம் சன்னியாசம் பெற்றுச் சுவாமி சின்மயானந்தர் ஆனார். அவர் தம் தொழிலிலிருந்து தப்பியோடியவர் அல்லர். அத்தொழிலுக்குரிய கேள்வியை நேர்மையாகப் பின்தொடர்ந்தார். அதுவே அடுத்த வாசலைத் திறந்தது. கையிலுள்ள வேலையை அரைமனத்தோடு செய்பவனுக்குத் தன் இயல்பு எது என்பதே விளங்காது.

மூன்றாவது வேர், மனத்தின் அலைச்சல். பிறரின் ஊதியத்தோடும் பதவியோடும் ஓயாது ஒப்பிடும் மனம் எந்த நாற்காலியிலும் நிலைகொள்ளாது. படகு மாறிய பின்னும் பழைய சுமையையே தலையில் தாங்கி நிற்கும் பயணியைப் போன்றது அது. இங்கே மாற வேண்டியது தொழில் அன்று, மனமே.

ஆகவே ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் ஒருவன் தனிமையில் அமர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். இந்த வேலையில் எனக்கோ பிறருக்கோ அநீதி நடக்கிறதா? பாராட்டும் பணமும் சற்றுக் குறைந்தாலும் நான் மகிழ்ந்து செய்யும் பணி எது? பலனைப் பற்றிய கவலையைச் சில மாதங்கள் ஒதுக்கிவைத்து, இப்பணியை இறைவனுக்கு அர்ப்பணமாகச் செய்து பார்த்தேனா? குடும்பத்தின் பொறுப்பையும் மறவாமல் இவற்றுக்கு விடை காண வேண்டும். மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்பது விடையானால், முடிவெடுக்கும் காலம் இன்னும் வரவில்லை.

பதினெட்டு அத்தியாயங்கள் உபதேசித்த பகவான், இறுதியில் அர்ஜுனனைக் கட்டாயப்படுத்தவில்லை. அனைத்தையும் நன்கு ஆராய்ந்து விரும்பியபடி செய்யுமாறு கூறி, முடிவை அவனிடமே விட்டார். மயக்கம் நீங்கிய அர்ஜுனன் தானே எழுந்து நின்றான். அந்தத் தெளிவு கிட்டிய பின், தொடர்ந்தாலும் மாறினாலும் தொழில் வழிபாடாகும். அத்தெளிவை அருளுமாறு இறைவனைப் பிரார்த்திப்போமாக.