கைரேகை வைத்த பிறகு

தர்மபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியில் தக்காளி பறிக்கப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் இலவச இதய முகாம். ஈசிஜி பார்த்தவர், "நாளைக்கே அட்மிட் ஆகணும்மா. காப்பீட்டு அட்டை இருக்கில்ல, ஒரு பைசா செலவில்ல" என்கிறார். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை மூன்றையும் பாலித்தீன் கவரில் சுருட்டிக்கொண்டு அந்த அம்மா வேனில் ஏறுகிறார். முகாம் என்றாலே ஏமாற்று இல்லை. பலர் உயிர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் தப்பு நடந்தால் அது எந்த இடத்தில் நடக்கும்?

பணம் போகும் வழியைப் பார்த்தால் புரியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-இல் தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனை அறிக்கைகளை இணையத்தில் ஏற்றி முன் அனுமதி வாங்கும். சிகிச்சை முடிந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பணம் கேட்கும். பணம் கொடுப்பவர் பெரும்பாலும் காகிதத்தைத்தான் பார்க்கிறார், நோயாளியை அல்ல. செய்யாத சிகிச்சைக்குப் பில், தேவையில்லாத அறுவை, அட்டை இருந்தும் கையில் வாங்கும் ரொக்கம் எல்லாம் நுழைவது இந்தச் சந்தில்தான்.

காகிதம் எவ்வளவு தூரம் பொய் சொல்லும் என்பதற்கு, ஆயுஷ்மான் பாரத் பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை சாட்சி. தமிழ்நாட்டில் வெறும் 7 ஆதார் எண்களின் பேரில் 4,761 பயனாளிப் பதிவுகள் இருந்தன என்கிறது அது.

காகிதத்தோடு முடியாததும் உண்டு. குஜராத்தின் போரிசணா கிராமத்தில் 2024 நவம்பரில் இப்படித்தான் ஒரு முகாம் நடந்தது. 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துப் போனார்கள், 7 பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, இருவர் இறந்தார்கள். திட்டப் பணத்துக்காகத் தேவையில்லாமல் செய்ததாக வழக்குப் பதிவாகி, கைதுகள் நடந்தன.

சட்டம் இதை அடுக்கடுக்காகப் பிடிக்கிறது. முதல் அடுக்கு, திட்டத்தின் ஒப்பந்தம்: பில் நிராகரிப்பு, அபராதம், பட்டியலிலிருந்து நீக்கம். அடுத்தது குற்றவியல். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)-ஆம் பிரிவில் மோசடிக்கு 7 ஆண்டு வரை சிறை. ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் தயாரித்தால் 336(3)-இன்படி அதே 7 ஆண்டு. பழைய சட்டத்தில் 420 என்று ஊரே சொன்னது இந்த மோசடிப் பிரிவைத்தான். பெரிய தொகை கைமாறியிருந்தால் அமலாக்கத் துறையும் வரலாம். சொத்தை முடக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.

இந்த வலை மருத்துவமனைக்கு மட்டும் விரிக்கப்பட்டதல்ல. "உங்க அட்டையை ரெண்டு நாளைக்குக் குடுங்கண்ணா" என்று கேட்கும் உறவினருக்கு இரக்கப்பட்டுக் கொடுத்தால், அவர் உங்கள் பெயரில் படுப்பது ஆள்மாறாட்டம். 319(2)-இன்படி 5 ஆண்டு வரை தண்டனை. தெரிந்தே கொடுத்தவரும் உடந்தையாகச் சிக்கலாம்.

எங்கே சொல்வது? மாநிலத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800 425 3993. தேசியத் திட்டத்துக்கு 14555. தர்மபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகவும் கொடுக்கலாம். குற்றம் என்றால் காவல் நிலையம். அங்கே புகாரை வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வாய்வார்த்தையை விடத் தேதி, டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய சீட்டு, வந்த குறுஞ்செய்தி ஆகியவை பேசும்.

அந்த அம்மாவுக்கு இதெல்லாம் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. வீடு திரும்பியதும் டிஸ்சார்ஜ் சம்மரியைப் படிக்கத் தெரிந்த பேத்தியிடம் கொடுத்து, "எனக்கு என்ன பண்ணதா எழுதியிருக்கு பாரு" என்று கேட்டால் போதும். ஏனென்றால் பொய்ப் பில்லும் கழிவது அவர் குடும்பத்தின் 5 லட்சத்திலிருந்துதான். அது தீர்ந்துபோனது நெஞ்சு நிஜமாகவே வலிக்கும் ராத்திரியில் தெரியக் கூடாது.