முழுசா எடுத்த படம்

ஃபயர்பாக்ஸில் வலது கிளிக் செய்தாலே முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமிக்கலாம். குரோமில் டெவலப்பர் டூல்ஸ் வரை போகணும். கிடைப்பது, யாருமே ஒரே பார்வையில் பார்த்திராத ஒரு நீளப் படம்.

"வெட்டல ஒட்டல, முழுசா இருக்கு பார்" என்கிறோம். முழுசு என்றால் உண்மை என்று எப்போ முடிவாச்சு? அதே டெவலப்பர் டூல்ஸில் ஒரு வரியை மாற்றிவிட்டுப் படமெடுக்க அரை நிமிஷம் போதும். படத்தில் தடயமே இருக்காது. பொய் கலக்காதபோதும் குறை உண்டு. உருட்டினால் மட்டுமே ஏறும் படங்கள் சில சமயம் வெற்றுக் கட்டங்களாக நிற்கும். மறுநாள் சேர்த்த திருத்தம் அதில் வரவே வராது.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் கேட்கிறது. நாம் எதையும் கேட்பதில்லை, ஷேர் பண்ணிடுறோம்.

பதவியில் இருப்பவர் பேசிவிட்டு அழித்ததைச் சேமிப்பது கடமை என்றே நினைக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன் ராத்திரி எழுதி விடியலில் அழித்தது அப்படியில்லை. அழித்ததுதான் அவனுடைய திருத்தம். அந்தப் படம் என்னிடம் இருந்தால் யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், டெலிட் பண்ணிடுவேன்.